இரண்டாம் இராசசிங்கனும் 1672 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு – ஒல்லாந்தப் போரும்: போர்விளையாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

போரைப் பலகையில் நிகழ்த்திப் பார்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் பாரதநாடு உலகுக்கு அளித்த கொடையாகும். ஐரோப்பாவில் இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுவடிவம் பெற்றது. பிரசிய நாட்டவரான றைஸ்விற்ஸ் 1812 இல் உருவாக்கி, அவர்தம் மைந்தர் 1824 இல் திருத்தியமைத்த போர்விளையாட்டு, படை அதிகாரிகளின் பயிற்சிக்கே பயன்பட்டது. 1913 இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஈயப் பொம்மை வீரரைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக வெளியிட்டார். அதன்பின் இது பொதுமக்களின் பொழுதுபோக்காகவும், வரலாற்று ஆர்வலரின் ஆய்வுக் கருவியாகவும் வளர்ந்துள்ளது.

இவ்வாட்டக்காரர் விரும்பித் தேரும் காலங்களுள் ஒன்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியாகும். பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி தொடுத்த போர்களே அக்காலத்தின் மையம். நீள் ஈட்டி ஏந்திய காலாட்படை மறைந்து துப்பாக்கிப் படை மேலோங்கிய காலம் அது. திரியினால் தீமூட்டும் துப்பாக்கி வழக்கொழிந்து சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி பரவலாயிற்று. துப்பாக்கியின் முனையிற் கத்தி செருகும் முறையும் தோன்றியது. செனெப் (1674), பொயின் (1690), ஸ்ரீன்கேர்க் (1692) ஆகிய சமர்களைச் சிற்றுருவப் படைகளைக் கொண்டு மேசைமீது மீண்டும் நடத்துவர். படை நகரும் தொலைவை அளவுகோலும் சூட்டின் விளைவைப் பகடையும் தீர்மானிக்கும்.

இப்போர்கள் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1672 இல் மூண்ட பிரெஞ்சு – ஒல்லாந்தப் போரின் ஓர் அரங்கு திருகோணமலைத் துறைமுகத்தில் அமைந்தது. அதன் அலைகள் கண்டி மன்னனின் அவைவரை எட்டின. எனவே, அந்நிகழ்ச்சியைப் பலகையில் இட்டுப் பார்த்தால் புலப்படுவன யாவை, பலகைக்குள் அடங்காதன யாவை என வினவுதல் பயனுடைத்து.

கண்டியரசின் நிலையை முதலில் நோக்குவோம். 1638 மார்ச் 28 ஆம் நாள், இன்றைய பேராதனைக்கு எதிரே மகாவலியின் அக்கரையிலுள்ள கன்னொறுவையில், இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை ஏறத்தாழ முற்றாக அழித்தது. அவ்வாண்டு மே மாதம் மன்னன் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது மன்னனின் விருப்பத்துக்கு உட்பட்டதா என்பதில் உடன்படிக்கைப் பிரதிகள் ஒத்திருக்கவில்லை. அச்சிறு வேறுபாடு பெருந் தீங்காய் முடிந்தது. 1656 இல் கொழும்பு வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனை மன்னனிடம் ஒப்படைக்கவில்லை. 1658 இல் யாழ்ப்பாணமும் அவர்வசமாயிற்று. போர்த்துக்கேயரை அகற்ற அழைக்கப்பட்டோரே அவர்தம் இடத்தில் அமர்ந்தனர்.

1664 ஆம் ஆண்டின் இறுதியில் மன்னனுக்கு எதிராக உள்நாட்டுக் கிளர்ச்சி எழுந்தது. அதன்பின் அவன் ஹங்குராங்கெத்தைப் பகுதியிலிருந்த அரண்மனையிலேயே பெரிதும் தங்கினான். அம்பிட்டிய என்றதும் 1893 இல் அங்கு நிறுவப்பெற்ற குருமடமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும், கண்டி நகரின் தென்கிழக்கே, நகரிலிருந்து தலாத்து ஓயா வழியாக ஹங்குராங்கெத்தைக்குச் செல்லும் பாதையின் தலைவாயிலில் அது அமைந்திருத்தல் மனங்கொளத்தக்கது. பழைய தலைநகருக்கும் மன்னன் ஒதுங்கி வாழ்ந்த இடத்துக்கும் இடையே கிடந்த மலைநிலம் இதுவே. ஒடுங்கிய பாதைகளும், முள்வாயிலிட்டுக் காக்கப்பட்ட கணவாய்களும், காடும் சேர்ந்து கண்டியரசுக்கு அரணாயின. மன்னனின் இடர்ப்பாட்டைப் பயன்படுத்தி 1665 முதல் ஒல்லாந்தர் உள்நாட்டை நோக்கி முன்னேறினர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மீண்டும் நிலைகொண்டனர். 1670 இல் கண்டிப் படைகள் எதிர்த்தாக்குதலில் இறங்கின. ஆயினும் கடற்படை இல்லாத அரசு துறைமுகங்களை மீட்டுக் காப்பது அரிதாயிருந்தது.

இந்நிலையிலேதான் 1672 மார்ச்சில் தளபதி டி லா ஹே தலைமையிற் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலையை அடைந்தது. பிரெஞ்சுக் கம்பனியின் தலைவருள் ஒருவராக உடன்வந்த பிரான்சுவா கரோன், முன்னர் ஒல்லாந்தக் கம்பனியிற் பணியாற்றி, 1644 இல் நீர்கொழும்பைக் கைப்பற்றியவர். இலங்கையை நன்கறிந்த அவருடைய திட்டமே இம்முயற்சிக்கு அடிப்படையாயிற்று. இராசசிங்கன் மகிழ்ந்து பிரெஞ்சுக்காரருக்கு அங்கே நிலைகொள்ள இசைவளித்தான். அவர்கள் துறைமுகத் தீவொன்றிற் கோட்டை கட்டத் தொடங்கினர்.

ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் தம் கப்பல்களுடன் விரைந்து வந்தார். பெருங் கடற்சமர் எதுவும் நிகழவில்லை. அவர் வெளியிலிருந்து வரும் உணவையும் உதவியையும் தடுத்தார். நோயும் பசியும் பிரெஞ்சுக்காரரை வாட்டின. யூலை மாதத்தில் டி லா ஹே சிறு காவற்படையை விட்டுச் சோழமண்டலக் கரைக்குச் சென்றார். விடப்பட்டோரை ஒல்லாந்தர் எளிதிற் சிறைப்பிடித்தனர்.

அரசவைக்கு அனுப்பப்பட்ட தூதும் சிதைந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைக்கின்றார். பிரெஞ்சுக் கப்பல்கள் வந்த ஆண்டு 1672 ஆ 1673 ஆ என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது. ஆகவே அவர் கூற்றை ஆய்ந்தே கொள்ளல் வேண்டும். தூதுவர் லனரோல் இசைவின்றி அரண்மனையைக் குதிரைமீது கடந்து சென்றார் என்றும், மன்னனைக் காண நெடுநேரம் காத்திருக்கப் பொறாது திரும்பினார் என்றும், அதனாற் சினந்த மன்னன் அவரை விலங்கிடச் செய்தான் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். லனரோல் நாடு திரும்பவில்லை. அவர் பெயர் தாங்கிய குடும்பம் இலங்கையில் நிலைத்தது.

இனி இந்நிகழ்ச்சியைப் பலகையில் இடுவோம். துப்பாக்கியின் தொலைவையும் படைவரிசையின் ஒழுங்கையும் கணிக்கும் விதிகள் இங்குப் பயன்படா. ஏனெனிற் படைகள் நேர்நின்று பொருதவே இல்லை. வேண்டிய விதிகள் வேறு. முதலாவது செய்தி. லூயி மன்னன் ஒல்லாந்தர்மீது போர் அறிவித்தது 1672 ஏப்பிரலில். அச்செய்தி கீழைக்கடலை எட்டப் பல மாதங்கள் வேண்டும். தாம் போரில் இருக்கின்றோமா என்பதையே அறியாது இரு கடற்படைகளும் எதிர்நின்றன. இரண்டாவது பருவக்காற்று. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் சோழமண்டலக் கரையிற் கப்பலுக்குப் புகலிடமில்லை. திருகோணமலையின் மதிப்பு அதனாலேயே உயர்ந்தது. மூன்றாவது உணவும் நோயும். நான்காவது அவைமரபு, தூதுவர் ஒருவரின் பொறுமையின்மை ஒரு படைப்பிரிவின் தோல்விக்கு நிகரான விளைவைத் தந்தது. இவற்றுட் செய்தித் தடையை ஓரளவேனும் காட்ட வல்லது றைஸ்விற்சின் முறையே. அதில் நடுவர் ஒருவர் இருப்பார். எதிரியின் நகர்வு ஆடுவோருக்கு மறைக்கப்படும்.

மன்னனின் இடம் எது என்பதே இவற்றினும் முதன்மையான வினா. ஐரோப்பியர் எழுதிய வரலாற்றில் இராசசிங்கன் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் காய். உண்மையில் அவன் ஆடுவோருள் ஒருவன். ஒல்லாந்தரைக் கொண்டு போர்த்துக்கேயரையும், பிரெஞ்சுக்காரரைக் கொண்டு ஒல்லாந்தரையும் அகற்ற முயன்ற அவன் நோக்கம் ஒன்றே: நாட்டுக்குக் கடல்வாயில் வேண்டும். முதன்முயற்சி பகைவரை மாற்றியதேயன்றி நீக்கவில்லை. இரண்டாம் முயற்சி தொடங்கிய சில மாதங்களிலேயே முறிந்தது. எனினும் அவன் 1687 இல் மறையும்வரை மலைநாடு அந்நியர் ஆட்சிக்கு உட்படவில்லை. அவனுடைய வலிமையும் எல்லையும் இதனால் ஒருங்கே விளங்கும்.

திருகோணமலையில் தோற்ற டி லா ஹே 1672 யூலையிற் சாந்தோமைக் கைப்பற்றினார். கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தரும் முற்றுகையிட, 1674 செப்ரெம்பரில் அவர் சரணடைந்தார். அதே போரின் செனெப் சமர் நிகழ்ந்து அப்போது ஒரு மாதமும் நிறைந்திருக்கவில்லை. இதனிடையே பிரான்சுவா மார்த்தென் 1674 இற் புதுச்சேரியில் நிலைகொண்டார். அடுத்த ஐரோப்பியப் போரில் ஒல்லாந்தர் 1693 இல் அதனைக் கைப்பற்றினர். 1697 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அது மீள அளிக்கப்பட்டது. தமிழ்க்கரையோர நகரொன்றின் விதி ஐரோப்பாவின் பேச்சுமேடையில் முடிவுசெய்யப்பட்டது.

இப்போக்கு அந்நூற்றாண்டோடு முடியவில்லை. 1782 இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலையை மாறிமாறிக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து பெற்றனர். 1815 இற் கண்டியரசே மறைந்தது. செனெப் சமரை ஆயிரம் முறை ஆடிப்பார்ப்போர் உளர். அதே போரில் ஒரு மன்னன் கடல்வாயிலைத் தேடித் தோற்ற கதையை ஆடுவோர் அரியர். பலகையின் எல்லையை எங்கே வரைவது என்பதிலேயே வரலாற்றின் பாதி தீர்மானமாகிவிடுகின்றது. திருகோணமலையையும் மலைநாட்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்க்குமிடத்தே, அப்போர்கள் நம் வரலாற்றின் பகுதியுமாம் என்பது தெளிவாகும்.