மருந்து என்று பெயர் வைத்தார்கள்

எங்கள் பக்கத்தில் "மருந்து குடிச்சிட்டான்" என்றால், என்ன மருந்து என்று யாரும் கேட்கமாட்டார்கள். வயலுக்கு மருந்து அடிக்கப் போய் மயங்கி விழுந்தவர்களும் உண்டு. 1974 முதல் 2007 வரை தஞ்சை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நான் நர்ஸ். மாட்டுவண்டியிலிருந்து இறக்கும்போதே தெரிந்துவிடும்: வாயில் நுரை, பூண்டு வாடை, கடுகாய்ச் சுருங்கிய கண்மணி.

இந்த விஷத்தின் கதையும் கண்மணியில்தான் தொடங்குகிறது. பயிர்ப்பூச்சியைக் கொல்ல வழி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், 1936 டிசம்பரில் லெவர்குசனில் ஒரு புதுப் பொருளைச் செய்தார். அதைக் கையாண்டபோது அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி வெளிச்சம் மங்கியது, மூச்சு முட்டியது. ராணுவம் அதை வாங்கிக்கொண்டது. டபூன் என்ற போர் நஞ்சு அதுதான். அதன் பங்காளியாக அவரே செய்த பாரத்தியான், போர் முடிந்ததும் வயலுக்கு வந்தது. ஃபாலிடால் என்று டப்பாவில் இருக்கும். எங்கள் வாயில் பாலிடால்.

பயிற்சிக் காலத்தில் ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுத் தசைக்குச் செய்தி சொல்கிறது. சொல்லி முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிட வேண்டும். இந்த விஷம் முடக்குவது அந்த நொதியைத்தான். "மடையைத் திறந்தாச்சு, அடைக்கிறவன் கையைக் கட்டிப்போட்டாச்சு. வயல் என்னம்மா ஆகும்?" என்றார். அதேதான். எச்சில், வியர்வை, நெஞ்சுச் சளி எல்லாம் பெருகும். தசை தானாகத் துடித்துத் துடித்து ஓய்ந்துபோகும். மூச்சு இழுக்கும் தசையும் ஓய்ந்தால் முடிந்தது. பூச்சிக்கும் நமக்கும் இந்த மடை ஒன்றே.

மாற்று மருந்து அட்ரோபின். நம் ஊமத்தையிலும் இருக்கிற சரக்குதான். ஆம்பூலுக்கு 0.6 மில்லிகிராம், ஒரே ஆளுக்கு ராத்திரி முழுக்க உடைத்து உடைத்து என் விரலெல்லாம் கீறல். சற்றுக் கூடினால் நோயாளி ஊமத்தங்காய் தின்றவரைப் போலப் பிதற்றிக்கொண்டு போர்வையைப் பிய்ப்பார். குறைந்தால் நெஞ்சில் மறுபடி சளி கட்டும். நாடியையும் கண்மணியையும் பார்த்தபடியே விடிந்துவிடும்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவால் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நீதிபதி ஜே.சி. ஷா விசாரித்தார். சட்டம் வரப் பத்து வருஷம் பிடித்தது: 1968. சட்டத்துக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டம் என்றுதான் பெயர். கடைப் பலகையிலோ பூச்சி மருந்து! என் கோபமெல்லாம் அந்தச் சொல்லின்மேல்தான். கொல்லி என்று சொல்லியிருந்தால் வெற்று மார்போடு நின்று வெறுங்கையால் கலக்கியிருப்பார்களா? கிழிந்த வேட்டியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவும்போது ஒருவரின் மனைவி கேட்டாள்: "மருந்துன்னுதானே சிஸ்டர் சொன்னாங்க?"

அவர் பிழைத்துக்கொண்டார். பாரத்தியானின் தம்பியான மீத்தைல் பாரத்தியானை இந்தியா தடைசெய்தது 2018இல். அப்போது நான் ஓய்வுபெற்று 11 வருஷம் ஆகியிருந்தது.