வன்தட்டின் பசி: யு.எஸ்.பி. மின்விதியின் வரலாறு

டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியோடு புறவன்தட்டு ஒன்றை இணைக்கும்போது, அதன் விளக்கு மினுக்கி அணைவதும், உள்ளிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுவதும், 'இக்கருவிக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும்' என்னும் பொருள்பட அறிவிப்புத் தோன்றுவதும், பாதி படியெடுத்த நிலையில் தட்டின் பெயர் திரையிலிருந்து மறைவதும் பலர் கண்டவை. கண்டவுடன் தட்டுக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, உள்ளவற்றை அழித்துப் புதிதாக அமைப்போர் உளர். குப்பையில் எறிவோரும் உளர். பல்லாண்டுப் பாடக்குறிப்புகளும், பள்ளி நாடகங்களின் ஒலிப்பதிவுகளும், முதியோரிடம் கேட்டுத் தொகுத்த நாட்டுப்பாடல்களும் இவ்வாறு வீணே அழிவதுண்டு.

ஆனால் இக்குறிகள் பலவேளைகளில் நோயின் குறிகள் அல்ல, பசியின் குறிகள். தட்டுக்கு வேண்டிய மின்சாரம் வடத்தின் வழியே வந்து சேரவில்லை என்பதே அவற்றின் பொருள். ஏன் வந்து சேரவில்லை என்பதற்கான விடை, 1996இல் வகுக்கப்பட்ட ஒரு விதியிலும் அவ்விதி பின்னர் அடைந்த மாற்றங்களிலும் அடங்கியுள்ளது.

தனி மின்சாரம் பெற்ற காலம்

1990களின் தொடக்கத்தில் மேசைக் கணினியின் பின்புறத்தில் பலவகைச் செருகுவாய்கள் இருந்தன. அச்சுப்பொறிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, தொலைபேசி மோடத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே அமைந்திருந்த அவை ஒன்றோடொன்று பொருந்தா. அச்சுப்பொறிக்குரிய வாயில் செய்தி செல்லும். ஒரு சேமிப்புக் கருவியை இயக்கத்தக்க மின்சாரம் செல்லாது. ஆதலின் புறத்தே வைக்கும் கருவிக்குச் சுவரில் செருகும் தனி மின்பெட்டி வேண்டியிருந்தது. 1990களின் நடுவில் அயோமேகா நிறுவனம் விற்ற 100 மெகாபைட் 'ஸிப்' கருவியும் அவ்வாறே வந்தது. மேசையில் வடங்கள் பெருகின என்பது உண்மையே. எனினும் செய்திக்கு ஒரு வடம், மின்சாரத்துக்கு ஒரு வடம் என இரண்டும் பிரிந்திருந்தமையால், 'யார் ஊட்டுவது?' என்னும் வினா அக்காலத்தில் எழவில்லை.

நான்கு கம்பிகளில் ஓர் உடன்படிக்கை

இப்பெருக்கத்தை ஒழிக்க இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல் என்னும் ஏழு நிறுவனங்கள் 1994இல் கூடின. வடோதராவில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்று இன்டெல்லில் பணியாற்றிய அஜய் பட், இம்முயற்சியில் முன்னின்றவருள் ஒருவர். இம்முயற்சியின் பயனாக, அனைத்துக்கும் பொதுவான 'யு.எஸ்.பி.' இணைப்பின் முதல் விதிநூல் 1996 சனவரியில் வெளிவந்தது. 1998இல் ஆப்பிளின் ஐமேக் கணினி பழைய வாய்களைக் கைவிட்டு இதனை ஏற்றபின், இதன் பரவல் விரைந்தது.

யு.எஸ்.பி. வடத்தினுள் நான்கு கம்பிகள் இருந்தன. இரண்டு செய்திக்கு, இரண்டு 5 வோல்ட் மின்சாரத்துக்கு. செய்தியும் மின்சாரமும் ஒரே வடத்தில் சேர்ந்த இடம் இதுவே. ஒருபுறம் கட்டளையிடும் கணினி. மறுபுறம் கட்டளைக்குப் பணியும் கருவி. கட்டளையிடுவதே மின்சாரமும் ஊட்ட வேண்டும் என்பது விதி. தமிழ் மரபில் புரவலன், இரவலன் என்னும் இரு சொற்கள் உண்டு. இவ்விரு நிலைகளையும் அச்சொற்களாலேயே குறிக்கலாம்: கணினி புரவலன், கருவி இரவலன்.

இரவலன் பெறும் அளவுக்கும் கணக்கு இருந்தது. 100 மில்லி ஆம்பியர் ஓர் அலகு. புதிதாகச் செருகிய கருவி முதலில் ஓர் அலகே எடுக்கலாம். பின்னர், தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அது கணினிக்கு எண்ணால் அறிவிக்கும். கணினி ஒப்பினால் ஐந்து அலகு, அதாவது 500 மில்லி ஆம்பியர் வரை பெறலாம். ஒப்பாவிடில் கருவி இயங்காது. மறுப்பு என்பது கருவி உண்மையில் உண்ட அளவைக் கண்டு எழுவதன்று. கேட்ட அளவைக் கண்டு எழுவது என்பதனை ஈண்டுக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் என்பது 2.5 வாட். விசைப்பலகைக்கும் சுட்டெலிக்கும் இது தாராளம். இதே காலத்தில், 1995இல் விதியான 'ஃபயர்வயர்' இணைப்பு 30 வோல்ட் வரை, 1.5 ஆம்பியர் வரை வழங்க இடமளித்தது. அவ்விணைப்பில் சிறு வன்தட்டுகள் வேறு மின்சாரமின்றி எளிதில் சுழன்றன. ஆயினும் மலிவான இணைப்பே மக்களிடம் வென்றது. அதனோடு அதன் சிறிய படியளப்பும் நிலைத்தது.

சுழலும் தட்டின் தேவை

2000ஆம் ஆண்டு யு.எஸ்.பி. 2.0 வெளிவந்து, செய்தி செல்லும் விரைவு நொடிக்கு 480 மெகாபிட்டாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம், பின்னர் 'விரலி' என்று தமிழில் வழங்கலான சிறு சேமிப்புக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. விரலியில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஆதலின் கிடைத்த மின்சாரம் அதற்குப் போதுமானதாயிற்று.

வன்தட்டின் நிலை வேறு. 2.5 அங்குலத் தட்டு ஒன்று ஒரு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது வழக்கம். அசையாதிருக்கும் தட்டை அவ்வேகத்துக்குக் கொணரச் சில நொடிகள் மிகுந்த விசை வேண்டும். அந்நொடிகளில் அது ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலத் தொடங்கியபின் தேவை பெரிதும் குறையும். விதி அளந்த படி 500 மில்லி ஆம்பியர். தொடக்கத்தில் வேண்டியதோ அதனினும் இருமடங்கு. மேசைக் கணினிகள் பல விதிக்கு மேலும் சற்றுத் தாராளமாக வழங்கியமையால் இக்குறை வெளிப்படாது மறைந்து நின்றது. வழங்காத கணினிகளுக்காக, இரண்டு வாய்களில் செருகத்தக்க கவட்டை வடங்களைச் சிலர் விற்றனர். அவை விதிக்கு உட்பட்டவை அல்ல, எனினும் பயன்பட்டன. 2008 நவம்பரில் வந்த யு.எஸ்.பி. 3.0, அலகை 150 மில்லி ஆம்பியராகவும் உச்சத்தை 900 மில்லி ஆம்பியராகவும் உயர்த்தியபோதே வன்தட்டுக்கு ஓரளவு நிறைவான படி கிடைத்தது.

இரவலனாய்ப் பிறந்த கணினி

பலகைக் கணினி கொடுப்பதற்காகப் பிறந்ததன்று. 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐபேட் கணினிக்கு மின்னூட்ட 10 வாட் மின்னூட்டி வேண்டியிருந்தது. பழைய மேசைக் கணினியின் வாயில் செருகினால், தனக்கு ஊட்டம் ஏறவில்லை என்று அதுவே முறையிட்டது. இவ்வாறு தானே இரந்து நின்ற கருவியிடம், மக்கள் தங்கள் வன்தட்டுகளைக் கொண்டுபோய் நிறுத்தினர்.

இரவலன் புரவலனாகும் நிலையை விதி வகுத்தோர் முன்பே எண்ணியிருந்தனர். 2001 திசம்பரில் வெளியான 'ஆன் தி கோ' என்னும் துணைவிதி, கையடக்கக் கருவிகள் வேண்டும்போது புரவலனாகவும் செயற்பட வழி செய்தது. ஆனால் அவ்வாறு புரவலனாகும் சிறு கருவி கட்டாயம் வழங்க வேண்டிய அளவு 8 மில்லி ஆம்பியர் மட்டுமே. மேசைக் கணினியின் 500 எங்கே, இந்த 8 எங்கே! இரண்டும் யு.எஸ்.பி. என்னும் ஒரே பெயரைத் தாங்கின; செருகுவாயின் தோற்றத்தைக் கண்டோர் கொடையும் ஒன்றே என்று கருதினர். இன்றளவும் தொடரும் குழப்பத்தின் வேர் இதுவே.

ஐபேட் கணினிக்கெனப் படக்கருவி இணைப்பான் ஒன்று 2010இல் வெளிவந்தது. தொடக்கத்தில் அதன்வழி 100 மில்லி ஆம்பியர் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த மென்பொருள் மாற்றத்தின்பின் அது 20 ஆகச் சுருங்கியது. முன்நாள் வரை இயங்கிய கருவிகள் மறுநாள் மறுக்கப்பட்டன. 2011 மே மாதம் வந்த ஆண்டிராய்டு 3.1 பதிப்பும் பலகைக் கணினிகளைப் புரவலனாக்கியது. எனினும் எவ்வளவு ஊட்டும் என்பது கருவிக்குக் கருவி வேறுபட்டது.

இச்சிக்கனத்திற்குக் காரணமும் உண்டு. முதல் ஐபேட்டின் மின்கலம் 25 வாட்-மணி கொள்ளளவு உடையது. 2.5 வாட் உண்ணும் தட்டு ஒன்றை அதனோடு பிணைத்தால், தட்டு மட்டுமே மணிக்குப் பத்தில் ஒரு பங்கை உண்டுவிடும். மேலும் இத்தகைய மின்கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட், அதனை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும் சிறிது இழப்பு நேரும்.

கட்டளையும் ஊட்டமும் பிரிந்தமை

2016இல் ஆப்பிள் வெளியிட்ட புதிய இணைப்பானில், மின்னூட்டியைச் செருகத் தனி வாய் ஒன்று சேர்க்கப்பட்டது. கட்டளை பலகைக் கணினியுடையது, மின்சாரம் சுவருடையது. ஸிப் கருவியின் காலத்துப் பிரிவினை வேறு உருவில் மீண்டு வந்தது எனலாம்.

இப்பிரிவினையைப் பொதுவிதியாக்கியது, 2014 ஆகஸ்டில் வெளியான 'டைப்-சி' வாயும், 2012 முதல் வளர்ந்துவரும் மின்வழங்கல் விதியும் ஆகும். இவற்றின்படி கட்டளையிடுவது ஒன்று, ஊட்டுவது மற்றொன்று என இருக்கலாம். இணைந்திருக்கும்போதே பணிகளை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். மின்வழங்கல் விதியின் உச்சம் 2021இல் 240 வாட்டாக உயர்ந்தது. 2018இல் ஐபேட் புரோ டைப்-சி வாயைப் பெற்றது. 2019இல் புறத்தட்டின் கோப்புகளை நேரே திறக்கும் வசதியும் ஐபேட்டுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கப்படும் பலகைக் கணினிகளுக்கு 2024 திசம்பர் 28 முதல் டைப்-சி வாய் கட்டாயமாயிற்று.

ஆயினும் வாய் ஒன்றானமையால் கொடையும் ஒன்றாகிவிடவில்லை. டைப்-சி வாயுடைய கணினி 500 மில்லி ஆம்பியர் தரலாம், 900 தரலாம், 3 ஆம்பியரும் தரலாம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றே.

வரலாறு காட்டும் வழி

இவ்வரலாற்றை அறிந்தோர் குறையைக் கண்டறிவது எளிது. முதற்கண், மறுப்பையும் தளர்ச்சியையும் பிரித்தறிதல் வேண்டும். மின்சாரம் மிகுதியாக வேண்டும் என்று திரை கூறுமாயின் அது மறுப்பு. கருவி கேட்ட எண்ணைக் கணினி ஏற்கவில்லை. 'டிக் டிக்' ஒலியும் மினுக்கும் விளக்கும் தளர்ச்சியின் குறிகள். கணினி ஒப்புக்கொண்டும் தட்டைச் சுழற்றும் அளவு மின்சாரம் சேரவில்லை. ஒலியும் மினுக்கலும் இன்றித் தட்டு நன்கு சுழன்றும் கோப்புகள் தோன்றாவிடில், காரணம் பெரும்பாலும் மின்சாரமன்று. தட்டின் பதிவு முறையை அக்கணினி படிக்க அறியாமையே.

மறுப்புக்கும் தளர்ச்சிக்கும் மருந்து ஒன்றே. தனக்கெனச் சுவர் மின்சாரம் பெறும் 'ஹப்' என்னும் கிளைப்பெட்டியை இடையில் வைத்தால், தட்டுக்கு அதுவே ஊட்டும். பலகைக் கணினி கட்டளை மட்டும் இடும். சுவர் மின்சாரம் பெறாத கிளைப்பெட்டி உதவாது. கிடைக்கும் சிறு படியையும் அது பங்கிட்டுவிடும். மின்னூட்டியை இணைத்தபின்னரே தட்டை இணைத்தல் நன்று. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்னூட்டியைப் பிடுங்கலாகாது. பிடுங்கினால் ஊட்டும் பணி கைமாறும். அந்நொடியில் தட்டு அறுபட்டுப் போகலாம்.

வடமும் கவனத்துக்குரியது. மெல்லிய செப்புக்கம்பியில் மீட்டருக்கு 0.2 ஓம் அளவு தடை உண்டு. போகவும் வரவும் 0.4 ஓம், 1 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட்டில் 0.4 வோல்ட் வழியிலேயே குறையும். ஆதலின் குறுகிய, தடித்த வடமே சிறந்தது. சுழலும் தட்டுக்கு மாற்றாக விரலியையோ திண்மநிலைத் தட்டையோ கொள்வதும் ஒரு வழி. எனினும் விரைந்து எழுதும்போது திண்மநிலைத் தட்டுகள் சிலவும் மிகுதியாகக் கேட்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, பசித்த தட்டில் எழுதாமையும் அதனை அழிக்காமையும் ஆகும். எழுதும் வேளையில் மின்சாரம் தளர்ந்தால், எக்கோப்பு எங்குள்ளது எனக் காட்டும் அட்டவணையே பாதியில் நின்றுவிடக்கூடும். மறைந்து மறைந்து தோன்றும் தட்டை முதலில் மேசைக் கணினியிலோ, சுவர் மின்சாரம் பெறும் கிளைப்பெட்டியிலோ இணைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கு அமைதியாகச் சுழன்றால், குறை தட்டினுடையதன்று; உள்ளவற்றை உடனே வேறோரிடத்தில் படியெடுத்து வைக்கலாம். வயிறார ஊட்டியும் அவ்வொலி தொடருமாயின், அப்போது அது நோயே. மேலும் முயலாது, தரவு மீட்போரிடம் ஒப்படைப்பதே தக்கது.

மின்சாரத்தைக் கூட்டிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அதற்கு முன்னரே அழித்துவிட்ட பாடலையும் குரலையும் திரும்பப் பெறுதல் அரிது.