தும்பாவில் உருவான மீளாய்வு மரபு: ஒரு விண்வெளி மையத்தின் செயல்திறன் வரலாறு

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் செயல்திறன் எதனால் உயர்கிறது? மேலாண்மைப் பாடநூல்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஜப்பானியத் தொழிற்சாலைகளைச் சேர்ந்தவை. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாக் கடற்கரையில், அறுபது ஆண்டு நீண்ட சான்று ஒன்று இருக்கிறது. 1963இல் ஒரு தேவாலயத்தை அலுவலகமாகக் கொண்டு தொடங்கிய ஏவுதளம், விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக வளர்ந்ததைத் தொழில்நுட்ப வரலாறாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை அதை ஒரு வேலைமுறையின் வரலாறாகப் பார்க்கிறது. தவறு நேர்ந்தால் அதை மறைக்காமல் அவையில் வைப்பது, காரணத்தைத் தேடி எழுதி வைப்பது, அடுத்த ஏவலுக்கு முன் சரிசெய்வது என்ற வழக்கமே அம்மையத்தின் செயல்திறனுக்கு அடித்தளம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. அகமதாபாத் பின்னணி

விக்ரம் சாராபாய் விண்வெளித் துறைக்கு வருமுன்பே உற்பத்தித்திறன் பற்றிய ஆராய்ச்சியில் தோய்ந்தவர். 1947இல் அகமதாபாத் நெசவாலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கமான அட்டிராவை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். 1961இல் அந்நகரில் இந்திய மேலாண்மைக் கழகம் அமைந்ததிலும் அவர் பங்கு பெரிது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் குடும்பத்துக்குச் சொந்தமான காலிகோ நிறுவனத்தின் ஆலையில் குறிப்பிடத்தக்க சோதனை ஒன்று நடந்தது. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953இல் அங்கு வந்தார். 224 தானியங்கித் தறிகள் கொண்ட ஒரு கூடத்தில் 29 தொழிலாளர்கள் 12 வகை வேலைகளாகப் பிரிந்து நின்றார்கள். நவீனத் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு உயரவில்லை. ஆளுக்கொரு துண்டு வேலை இருந்தது. குறிப்பிட்ட சில தறிகளுக்கு முழுப்பொறுப்பேற்கும் ஆள் யாரும் இல்லை. தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதை ஏற்றுத் தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். புதிய முறை நிலைபெற்றபின் தறிகளின் திறன் 80 விழுக்காட்டிலிருந்து 95ஆக உயர்ந்தது. பழுதுள்ள துணி 32 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. ரைஸ் இதை 1958இல் நூலாக்கினார். மேற்பார்வையைக் கூட்டுவதைவிடப் பொறுப்பை முழுமையாகக் கொடுப்பது பலன் தரும் என்ற எண்ணம் இந்தச் சூழலில் விளைந்தது. சாராபாய் தும்பாவுக்கு வந்தது இச்சூழலிலிருந்துதான்.

2. நம்பிக்கையின் காலம்: 1963–1971

புவியின் காந்த நடுக்கோடு தும்பாவின் அருகே செல்வதால் மேல்வளிமண்டல ஆய்வுக்கு அந்த இடம் தேர்வாயிற்று. மீனவ மக்களின் ஊர் அது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவின் ஒத்துழைப்போடு புனித மரிய மகதலேனா கோவிலும் சுற்றியிருந்த நிலமும் ஏவுதளத்துக்குக் கிடைத்தன. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. நைக்-அப்பாச்சி என்ற அந்த ராக்கெட் அமெரிக்காவுடையது. அது சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. நான்கே ஆண்டில், 1967 நவம்பரில், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள முதல் ரோகிணி ராக்கெட் இங்கேயே உருவாகிப் பறந்தது.

இந்த வேகத்துக்குக் காரணம் சாராபாய் காட்டிய நம்பிக்கை. அனுபவம் வரட்டும் என்று காத்திராமல் இளம் பொறியாளர்களிடம் பெரிய வேலைகளை ஒப்படைத்தார். ஆனால் இம்முறையில் ஒரு பலவீனம் இருந்தது. ஏவுதளம், வேளிமலை ஆய்வு மையம், எரிபொருள் ஆலை, ராக்கெட் தயாரிப்புக் கூடம் எல்லாம் தனித்தனியாக வளர்ந்தன. இவற்றை இணைத்த ஒரே கண்ணி சாராபாய். 1966 முதல் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் அவர் தோளில் இருந்தது. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் அவர் மறைந்தபோது, ஒரு மனிதரை நம்பியிருந்த அமைப்பு முறையாலும் இயங்குமா என்ற கேள்வி எழுந்தது.

3. அமைப்பின் காலம்: 1972–1980

விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் 1972இல் தோன்றின. அவ்வாண்டு சதீஷ் தவான் தலைமை ஏற்றார். திருவனந்தபுரத்தில் சிதறிக் கிடந்த பிரிவுகள் ஒரே மையமாக இணைந்து சாராபாயின் பெயரைப் பெற்றன. உலோகவியல் அறிஞர் பிரம் பிரகாஷ் அதன் முதல் இயக்குநர்.

செயற்கைக்கோள் ஏவும் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்துக்கு ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திட்ட இயக்குநரானார். 17 டன் எடை, நான்கு அடுக்கு, 40 கிலோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்கும் இலக்கு. திட்ட இயக்குநரிடம் இலக்கும் காலக்கெடுவும் இருந்தன. எரிபொருள், கட்டுப்பாடு, மின்னணுவியல் வல்லுநர்கள் தத்தம் பிரிவுகளில் இருந்தபடியே அவருக்கு வேலை செய்தார்கள். இந்தக் குறுக்கு நெடுக்கு அமைப்பில் உரசல் தவிர்க்க முடியாதது. ஒரு பிரிவின் முடிவு இன்னொரு பிரிவை எங்கே பாதிக்கும் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசியே தீரவேண்டும். அங்குள்ளவர்கள் ‘ரிவியூ’ என்று சொல்லும் மீளாய்வுக் கூட்டம் இப்படித்தான் அன்றாட வேலையின் பகுதியானது.

1979 ஆகஸ்ட் 10 அன்று, எஸ்.எல்.வி.-3இன் முதல் ஏவலில், அம்முறைக்குச் சோதனை வந்தது. முதல் அடுக்கு சரியாக எரிந்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு தவறியது. 317 வினாடிகளில் ராக்கெட் கடலில் விழுந்தது. இரண்டாம் அடுக்கைத் திருப்பும் அமைப்புக்குத் தேவையான நைட்ரிக் அமிலம் புறப்படுமுன்பே கசிந்து தீர்ந்திருந்தது. மாசு அடைத்த ஒரு சிறு வால்வு மூடாமல் திறந்தே நின்றதுதான் காரணம் என்று ஆய்வுக் குழு கண்டறிந்தது. அன்று செய்தியாளர்கள் முன் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்ற தவான், மறு ஆண்டு வெற்றியின்போது கலாமைப் பேச விட்டார் என்பது கலாம் பலமுறை நினைவுகூர்ந்த செய்தி. இதைத் தவானின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே சொல்கிறோம். இதற்கு நிறுவனம் சார்ந்த ஒரு விளைவும் உண்டு. வெளியுலகின் கண்டனம் தலைவரோடு நின்றுவிட்டதால், உள்ளே இருந்தவர்கள் அச்சமின்றி உண்மையைச் சொல்ல முடிந்தது. பதினொரு மாதங்களில், 1980 ஜூலை 18 அன்று, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது.

4. மரபு உறுதிப்பட்ட காலம்: 1987–1994

அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. இம்மரபை இன்னும் கடுமையாகச் சோதித்தது. 1987 மார்ச்சில் முதல் ஏவல், 1988 ஜூலையில் இரண்டாவது, இரண்டும் தோற்றன. மூன்றாவதற்கு நான்கு ஆண்டு பிடித்தது. அந்த நான்கு ஆண்டுகளில் வடிவமைப்பே மறுபரிசீலனைக்கு உள்ளானது. ஒரு மாற்றத்தை மட்டும் பார்ப்போம். பக்கவாட்டு ராக்கெட்டுகள் எரிந்து ஓய்ந்ததும் நடு ராக்கெட் பற்ற வேண்டும். அதுவரை அது முன்கூட்டிக் குறித்த நேரத்தில் பற்றும்படி அமைந்திருந்தது. இடைவெளி சற்று நீண்டாலும் காற்றழுத்தம் மிகுந்த உயரத்தில் ராக்கெட் நிலைகுலையும். பக்க ராக்கெட்டுகளின் உந்துவிசை தணிவதை உணர்ந்து அக்கணமே நடு ராக்கெட்டைப் பற்றவைக்கும் முறை புதிதாக வந்தது. 1992 மே 20 அன்று மூன்றாவது ஏவல் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 1994 மே மாதம் நான்காவதும் வென்றது.

அடுத்த ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பயணத்தில் மென்பொருள் பிழையாலும் பிறவற்றாலும் வீழ்ந்தது. 1994 அக்டோபர் 15 அன்று வென்றது. இரண்டாவது தோல்விக்குப் பின் ஏ.எஸ்.எல்.வி.யைக் கைவிட்டிருந்தால் பின்வந்த ராக்கெட்டுகளுக்கான பட்டறிவு வாய்த்திருக்காது.

முடிவுரை

இவ்வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது. ஒன்று, காரணம் தேடும் விசாரணையும் தண்டனை விசாரணையும் கலக்கக் கூடாது. இரண்டு, திட்டத்துக்கு வெளியே உள்ளவர்களும் மீளாய்வில் அமர்ந்து, வேலையை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமை பெற்றிருக்க வேண்டும். மூன்று, கண்டறிந்த குறை தீர்ந்ததென்று உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் ஏவல் தோற்றபோது, இரண்டாம் அடுக்கு பிரிகையில் எழுந்த அதிர்வு முடுக்கமானிகளைத் திணறடித்தது என்ற விளக்கம் பொதுமக்களுக்கும் வெளியிடப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் அதே ராக்கெட் வென்றது. தும்பாவின் வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இதைக் கைக்கொள்ள ராக்கெட் தேவையில்லை. நம் போக்குவரத்துக் கழகங்களிலும் மின்வாரியங்களிலும் மருத்துவமனைகளிலும் மாதாந்திரக் கூட்டங்கள் நடக்கின்றன. இலக்கு எட்டப்பட்டதா என்ற எண்கள் மட்டுமே அங்கு வாசிக்கப்பட்டால், குறைகளை மறைக்கத்தான் ஊழியர்கள் கற்றுக்கொள்வார்கள். பழுதான ஒவ்வொரு பேருந்துக்கும், தடைப்பட்ட ஒவ்வொரு மின்தடத்துக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். எழுதியவருக்குப் பாதுகாப்பு வேண்டும். தீர்வு நிறைவேறியதை அடுத்த கூட்டம் சரிபார்க்க வேண்டும். புதிய கருவிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் செலவிடுமுன் இந்த மூன்றையும் தொடங்கிவிடலாம்.