அரசூர் 87: தென்னார்க்காட்டுச் செம்மறிகளும் ஆட்டுக்கொல்லி ஆய்வின் வரலாறும்

கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர் அரசூர். இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1987-இல் அங்கே செம்மறிகளைத் தாக்கியது ஆட்டுக்கொல்லி நோய் என்று உறுதியானது. இந்தியாவில் இந்நோய் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும், வி. புருஷோத்தமன், ஆர். ஏ. வெங்கடேசன் உள்ளிட்டோருமாக ஐவர் 1989-இல் பிரிட்டனின் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் இதை வெளியிட்டனர். மாட்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் இந்தக் கண்டறிதலுக்கு என்ன இடம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெக்கையின் மறைப்பில்

இந்தியக் கால்நடை ஆய்வு வளர்ந்ததே வெக்கையை முன்னிட்டுத்தான். 1871-இல் ஹாலன் தலைமையிலான குழு அந்நோயின் பரவலை ஆராய்ந்தது. 1889-இல் புனேயில் தொடங்கிய ஆய்வகம் பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவருக்குப் போனது. 1920-களில் அங்கே ஜே. டி. எட்வர்ட்ஸ் வெக்கைக் கிருமியை ஆடுகளில் மீண்டும் மீண்டும் செலுத்தி வீரியம் குறைத்தார். அதிலிருந்து கிடைத்த தடுப்பூசியே 1954-இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் அடித்தளம்.

மாட்டைக் காக்க ஆடு இப்படிக் கருவியானதே தவிர, ஆட்டுக்கென்று தனி நோய் இருக்கலாம் என்ற ஐயம் இங்கே வலுக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942-லேயே ஆட்டுக்கொல்லி விவரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் என்று அறிகுறிகள் ஒத்திருந்ததால், இந்தியாவில் ஆடுகள் மடிந்தபோது வெக்கை என்றே பதிவு செய்யப்பட்டது. ஆகவே 1987 என்பது நோய் கண்டறியப்பட்ட ஆண்டு; நோய் வந்த ஆண்டாக அதைக் கொள்ள முடியாது.

பிரித்தறிதலின் தேவை

வெக்கைக் கிருமி, ஆட்டுக்கொல்லிக் கிருமி இரண்டும் மார்பிலி வைரஸ் பேரினத்தவை. ஒன்றுக்கு எதிரான நோயெதிர்ப்பு மற்றதையும் ஓரளவு தடுக்கும். வெக்கைத் தடுப்பூசியே ஆடுகளுக்கும் போடப்பட்டதுண்டு. வெக்கை ஒழிந்தது என்று அறிவிக்க வேண்டுமானால் தடுப்பூசியை நிறுத்தி, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு சாவையும் சோதிக்க வேண்டும். ஆட்டுக்கொல்லியை வெக்கை என்று எண்ணினால் கணக்கு முடியவே முடியாது. வெக்கையை ஆட்டுக்கொல்லி என்று ஒதுக்கினால் நோய் மறுபடி பரவும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இந்த வேறுபாட்டை மரபணுச் சோதனையும் எலிசா சோதனையும் காட்டிக்கொடுத்தன.

இந்தியாவின் கடைசி வெக்கைத் தாக்குதல் 1995-இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பதிவானது. 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் வெக்கையற்றவை என்று அறிவிக்கப்பட்டன. அந்த வெற்றியில் தடுப்பூசிக்குரிய பங்கு பலமுறை பேசப்பட்டிருக்கிறது. நோயைப் பிரித்தறிந்த ஆய்வகப் பணிக்கும் அதில் சமபங்கு உண்டு என்பதே என் கருத்து.

வைரஸிலிருந்து தடுப்பூசி

அரசூரில் கிடைத்த வைரஸைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ‘அரசூர் 87’ தடுப்பூசியை உருவாக்கியது. முக்தேசுவர் ஆய்வகத்தின் ‘சுங்ரி 96’ தடுப்பூசி இமாசலப் பிரதேசத்து வைரஸிலிருந்து வந்தது. தோலுக்கடியில் 1 மி.லி. போட்டால் பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உறைநிலையில் உலர்த்திய மருந்தைக் கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் புறப்படும் முன்பே மந்தையைப் பட்டியில் மடக்கினால்தான் இது நடக்கும்.

மந்தைகள் ஊர்விட்டு ஊர் நகர்வதும் ஒரு சிக்கல். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வெளிமாவட்டக் கீதாரிகள் (ஆட்டு மந்தை மேய்ப்பர்கள்) மந்தைகளை ஓட்டிவருகிறார்கள். வயலுக்கு உரம் கிடைக்கிறது. உள்ளூர் ஆடும் வந்த ஆடும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. மாட்டைவிட ஆட்டு மந்தை வேகமாகப் புதுப்பிக்கப்படுவது. ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளால் ஊசி போடாத தொகை கூடிக்கொண்டே போகும். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகிலிருந்து ஒழிக்கக் குறிக்கப்பட்ட இலக்கு, கிடையின் பருவத்தையும் குட்டி ஈனும் காலத்தையும் ஒட்டி ஊசித் திட்டம் வகுக்கப்படுவதைப் பொறுத்தே கைகூடும்.