பட்டை உடைந்த லாரிகளும் எங்கள் பட்டறையும்

லாரி பட்டறைக்குள் திரும்பும்போதே அதற்கு என்ன கேடு என்று தெரிந்துவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் பின்பக்க ஸ்பிரிங் கட்டில் இரண்டு மூன்று பட்டைகள் போயிருக்கும். வண்டி நேராகத்தான் நிற்கிறது, ஆனால் டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருகிறார் என்றால் முன்பக்கக் கட்டின் மேலே உள்ள மெயின் பட்டையைப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஒரு தடத்திலும் பின்சக்கரம் இன்னொரு தடத்திலுமாகக் கோணிக்கொண்டு வந்தால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் தொழில் தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் ஸ்பிரிங் பட்டறை என்று தனியாக ஒன்று கிடையாது.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்து லாரித் தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மழை பொய்த்த காட்டை விற்று லாரி வாங்கிய குடியானவரைப் பற்றிச் சொல்வார்கள். கிளீனராக ஏறி டிரைவராகி முதலாளியானவரைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த லாரிகளை ஓடவைத்தவர்கள் ஊர் ஊருக்கு இருந்த வண்டிப்பட்டறைக் கொல்லர்கள். மாட்டு வண்டிக்கு வேலை செய்த கைதான் லாரிக்கும் வேலை செய்தது. அதை யாரும் எழுதுவதில்லை.

என் தாத்தா மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர். பட்டையை வளைத்து வளையமாக்கி, சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக வைப்பார்கள். தரையில் வறட்டி அடுக்கி நெருப்பு மூட்டி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சினால் அது விரியும். நாலு பேர் குறடு பிடித்துத் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, புகை எழும்போதே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். சூடு கூடினால் மரம் கருகும், குறைந்தால் வளையம் இறங்காது. இந்தக் கணக்கு கண்ணில் இருந்தது. லாரிக்காரர்கள் பின்னால் தேடி வந்தது இந்தக் கண்ணைத்தான்.

பார வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. பண்ணைக்காரர் வீட்டு வில்வண்டிக்குத்தான் உண்டு. பட்டைகளை அடுக்கி முட்டை வடிவில் வில் செய்யும் முறைக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் காப்புரிமை வாங்கினார். அந்த வில் கோச்சு வண்டிகளோடு இந்தியாவுக்கு வந்தது. 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் முதலில் செய்தது கோச்சு வண்டிகளைத்தான். அங்கிருந்து வில்வண்டி வழியாக அது கிராமத்துப் பட்டறைக்குள் வந்து சேர்ந்தது. தாத்தா வருஷத்துக்கு ஒன்றிரண்டு வில்வண்டிகளைப் பழுது பார்த்திருப்பார், அவ்வளவே.

1910களில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தென் மாவட்டங்களில் பஸ் ஓட்டத் தொடங்கியபோது அவருக்குப் பெரிய தொல்லை ரோட்டில் சிதறிக் கிடந்த லாட ஆணிகள். டயரைக் குத்திய அந்த ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அவர் ஓடவிட்டார் என்பார்கள். கொல்லர் அடித்த ஆணி மோட்டாருக்கு எதிரியாக இருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகள் ஏலத்தில் வந்தன. 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி உருவானது. லேலண்ட் காமெட்டும் பென்ஸும் எங்கள் ரோட்டுக்கு வந்தபோது ரோடு மாட்டு வண்டிக்குப் போட்ட ரோடுதான். பள்ளமும் கல்லும் அப்படியே இருந்தன. உடையத் தொடங்கியது பட்டை.

கம்பெனிப் பட்டை சேலத்துக்கோ சென்னைக்கோ போய்த்தான் வாங்க வேண்டும். லோடு ஏற்றிய வண்டி அதுவரை நிற்க முடியாது. அப்படித்தான் 1960களில் ஒரு டிரைவர் உடைந்த பட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாவின் உலைக்கு வந்தார். இதேபோல ஒன்றை அடித்துத் தர முடியுமா என்று கேட்டாராம்.

முடியாதென்று சொல்லாமல் அப்பா முதலில் உடைந்த வாயைப் பார்த்தார். நானும் இன்றுவரை அதைத்தான் பார்க்கிறேன். முறிந்த முகத்தில் இரண்டு நிறம் இருக்கும். ஒரு பகுதி பழுப்பாகவோ கறுப்பாகவோ துருவேறி வழவழப்பாக இருக்கும். மீதி வெள்ளையாக, சர்க்கரைப் பொடிபோல மின்னும். பழுப்பு, பல நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த விரிசல். வெள்ளை, இன்று முறிந்தது. பழுப்பு பாதிக்கு மேல் இருந்தால் பட்டை எப்போதோ சாகத் தொடங்கிவிட்டது, கடைசிப் பள்ளம் முடித்து வைத்தது என்று பொருள். முழுக்க வெள்ளையாக இருந்தால் அதிகச் சுமை, அல்லது டெம்பர் சரியில்லாமல் சரக்கு கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. சென்டர் போல்ட் துளையில் முறிந்தால், ஸ்பிரிங் கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யு போல்ட் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். யு போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை பட்டையின் நடுப்பகுதி அசையாது. தளர்ந்துவிட்டால் வளைவெல்லாம் துளைக்கே வரும். உடைந்த பட்டையை மட்டும் மாற்றிவிட்டு யு போல்ட்டைப் பழையதே போடச் சொல்கிறவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

காலி வண்டியில் மெயின் பட்டை உடைந்தது என்றால் டிரைவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அது அடிக்கடி நடக்கிறது. பள்ளத்தில் இறங்கி எழும்போது சக்கரம் தொங்கும். அந்த நேரத்தில் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் சேர்த்துப் பிடிக்கத்தான் கட்டின் இரு பக்கமும் கிளிப் இருக்கிறது. கிளிப் கழன்று போன கட்டில் தொங்கும் பாரம் முழுவதையும் மெயின் பட்டை ஒன்றே தாங்கும்.

வேலை இப்படி. ஸ்பிரிங் சரக்கு சாதாரண இரும்பு அல்ல. சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த எஃகு, கரி அரை சதவீதத்துக்குச் சற்று மேல், சிலிக்கான் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். கடையில் இஎன்-45 என்று கேட்டு வாங்குவோம். அளவுக்கு வெட்டி, நடுவில் துளை போட்டு, மெயின் பட்டைக்கு முனையைச் சுருட்டி வளையமாக்கிவிட்டு உலையில் வைப்போம். ஆரஞ்சு நிறம் ஏறியதும் எடுத்து, பழைய பட்டையின்மேல் வைத்து வளைவு கொடுத்து, அப்படியே எண்ணெயில் இறக்க வேண்டும். அரிவாளுக்குத் துவைச்சல் போடுவது தண்ணீரில். பட்டையைத் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். எண்ணெயிலிருந்து வந்த பட்டை கடினமாக இருக்கும், ஆனால் ஒரே அடியில் முறியும். டெம்பருக்காக அதை மறுபடி மிதமாகச் சூடாக்கி இறக்க வேண்டும், 450 டிகிரிக்கு மேலே. அப்பாவிடம் சூட்டுமானி இல்லை. காய்ந்த மரக்குச்சி ஒன்றைப் பட்டையின் முதுகில் தேய்ப்பார். குச்சி வெறுமனே வழுக்கினால் சூடு போதாது. கருகிப் புகைந்து, மரத்தூள் சின்னச் சின்னப் பொறியாக மின்னி ஓடினால் போதும், வெளியே எடு என்பார்.

அடுக்குவதிலும் கணக்கு உண்டு. கீழே போகப் போக ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு கொஞ்சம் கூடுதல். தனித்தனியாக வைத்தால் இடையில் வெளிச்சம் தெரியும், சென்டர் போல்ட்டை இறுக்கும்போதுதான் அது மூடும். அந்த இடைவெளி இல்லாமல் அடுக்கிய கட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெயின் பட்டை சீக்கிரம் போய்விடும். இரண்டாம் பட்டையின் முனை, மெயின் பட்டையின் வளையத்தைச் சற்றுத் தளர்வாகச் சுற்றி வரும்படி செய்வதும் உண்டு. இதற்கு மிலிட்டரி ராப்பர் என்று பெயர். மெயின் உடைந்தாலும் ஆக்சில் கழன்று ஓடிவிடாமல் இரண்டாம் பட்டை பிடித்துக்கொள்ளும். எத்தனை டிரைவர்களின் உயிர் அந்தச் சுருட்டில் நின்றது என்று எண்ணி முடியாது.

நடுவழியில் உடைந்தால் என்ன செய்வது என்பது டிரைவர்களின் சொத்து. தொப்பூர் இறக்கத்தில் பட்டை போன வண்டியை அங்கேயே விட முடியாது. சக்கரங்களுக்குக் கல் வைத்து, சேஸிக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே கட்டை ஒன்றைச் செருகுவார்கள். வேப்பங்கட்டையோ கருவேலங்கட்டையோ, வெடிக்காத மரமாக இருக்க வேண்டும். ஆக்சில் பின்னால் நகராமல் ஸ்பிரிங்கைத் தாங்கும் முன் ஹேங்கரோடு சேர்த்துச் சங்கிலி போட்டு முறுக்குவார்கள். கொஞ்சம் லோடை மறுபக்கம் மாற்றுவார்கள். அப்புறம் ஆள் நடக்கும் வேகத்தில் அருகிலுள்ள பட்டறைவரை உருட்டி வருவார்கள். ஒவ்வொரு டிரைவரின் பெட்டியிலும் அந்தக் கட்டையும் சங்கிலியும் இருந்தன. பட்டறைக்கு வந்ததும் கேட்பது ஒன்றுதான்.

“மேஸ்திரி, லோடு அவசரமுங்க. ஒரு வெல்டு வெச்சு உட்டுருங்க.”

“வேண்டாஞ்சாமி. வெல்டு வெச்ச எடத்துக்கு ஓரங்குலம் தள்ளி மறுபடி உடையும். ராத்திரி இருந்தாவது புதுசு போட்டுத் தர்றேன், படுத்துத் தூங்கு.”

அப்பா கடைசிவரை பட்டைக்கு வெல்டு வைத்ததில்லை. வெல்டு சூட்டில் பக்கத்து எஃகின் டெம்பர் போய்விடும், அவர் சொன்ன அந்த ஓரங்குலம் அதுதான். விரிசலைக் கண்டுபிடிக்க அவருடைய வழி மண்ணெண்ணெய். பட்டையைத் துடைத்து மண்ணெண்ணெய் பூசி, நன்றாக உலரத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவுவார். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும்.

எங்கள் தொழிலை வளர்த்தது அதிக பாரம். அதை மறைக்கத் தேவையில்லை. அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஏற்றுவதற்காக, புது லாரி வந்த மறுநாளே கட்டுக்கு இரண்டு பட்டை சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்த பட்டை வண்டியைத் தாங்கும், ஆனால் பிரேக்கும் டயரும் ஆக்சிலும் பழைய அளவுதானே? 2005இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதிக பாரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வண்டியை விடக் கூடாது, மிகுதியை இறக்கிவிட்டே அனுப்ப வேண்டும் என்றது. 2018 ஜூலையில் மத்திய அரசு இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. நான்குவழிச் சாலைகளும் வந்துவிட்டன. பள்ளம் குறைந்தது, உடைவதும் குறைந்தது. எங்கள் வருமானம் இறங்கியது உண்மை. ஆனாலும் அந்த மாற்றம் நல்லது என்றே சொல்வேன். உடைந்த பட்டையோடு உடைந்த மனிதர்களையும் பார்த்தவன் நான்.

இப்போது வருவது பாராபோலிக் ஸ்பிரிங். பத்துப் பன்னிரண்டு பட்டைக்குப் பதில் இரண்டு மூன்று, நடுவில் கனமாகவும் முனையில் மெலிந்தும் ரோலரில் உருட்டி எடுத்தது. எடை குறைவு, பட்டைகள் நீளத்துக்கும் உரசாது, வண்டி மென்மையாகப் போகும். அதைச் சம்மட்டியால் செய்ய முடியாது. உடைந்தால் கம்பெனிப் பொருளைத்தான் மாட்ட வேண்டும். சில வண்டிகளில் பட்டையே இல்லை, காற்றுப் பைதான். என் பட்டறையிலும் கழற்றி மாட்டும் வேலைதான் அதிகம். உலை எல்லா நாளும் எரிவதில்லை.

உடைந்த பட்டைக்கு மட்டும் இன்னும் மதிப்பு குறையவில்லை. அரிவாள், கொடுவாள், உளி அடிக்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போகிறார்கள். திருப்பாச்சேத்திப் பக்கத்திலும் லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்குத் தனி கிராக்கி உண்டு. தென்னந்தோப்பில் ஓலை வெட்டும் அரிவாள் ஒருகாலத்தில் நாக்பூர் ரோட்டில் சிமெண்ட் மூட்டை சுமந்ததாக இருக்கலாம்.

சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக்கல்லைப் பற்றியும், அதை நம்பி 1830களில் ஜே.எம்.ஹீத் பரங்கிப்பேட்டையில் வைத்த ஆலையைப் பற்றியும் புத்தகங்களில் படிக்கலாம். அதே மாவட்டத்தில் வண்டிச் சக்கரத்திலிருந்து லாரி ஸ்பிரிங்குக்கு மாறிய கொல்லர்களைப் பற்றிப் படிக்க ஒன்றும் இல்லை. குச்சியைத் தேய்த்து டெம்பர் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வட்டார வரலாறு எழுதுகிறவர்கள், கல்லூரியில் ஆய்வு செய்யும் பிள்ளைகள் தயவுசெய்து அவர்களிடம் போய் உட்காருங்கள். உலை எரிகிற நாளாகப் பார்த்துப் போங்கள். கேட்டால் சொல்வார்கள், செய்தும் காட்டுவார்கள்.