பசையில்லாத டேப் பிறந்த கதை

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்போவுக்குக் கீழே விரிசல் விட்டது. பிளம்பர் மறுநாள்தான் வர முடியும் என்றார். அப்பா இருந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபைக் கீறி, இழுத்து இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கியிருப்பார். நான் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் சிலிக்கோன் டேப் வாங்கி வந்தேன்.

தொட்டுப் பார்த்தால் பசையே இல்லை. வால்வை மூடி, பைப்பில் இருந்த பாசியைத் தேய்த்தெடுத்தேன். டேப்பின் மேல்தாளை உரித்து, இரண்டு மடங்கு நீளும்வரை இழுத்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏறும்படி சுற்றினேன். ஈரம் முழுதாகக் காயக்கூட இல்லை. சற்று நேரம் கழித்து அதன் முனையை நகத்தால் தேடினேன், அகப்படவில்லை. எல்லாச் சுற்றும் சேர்ந்து ஒரே ரப்பராகியிருந்தது.

டேப்பின் மூலப்பொருளான சிலிக்கோனைத் தொடக்கத்தில் ஆராய்ந்தவருக்கு அது வேண்டாத பிள்ளை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிரடெரிக் கிப்பிங் என்ற வேதியியலாளர் சிலிக்கன் சேர்மங்களைச் சுத்தமான படிகங்களாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பாடுபட்டார். குடுவையில் அடிக்கடி மிஞ்சியது பிசுபிசுத்த களி. ‘சிலிக்கோன்’ என்று பெயர் வைத்தவரே அவர்தான். ஆனால் இவற்றால் பெரிய பயன் வரும் என்ற நம்பிக்கை 1936-இல் ஓய்வுபெறும்போதும் அவருக்கு இல்லை. நான்கே ஆண்டுகளில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் யூஜின் ரோச்சோ, செம்பு கலந்த சிலிக்கனைச் சூடாக்கி அதன்மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, சிலிக்கோனைப் பெருமளவில் செய்ய வழி கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த திருப்பத்துக்கு நம் மக்களோடு தொடர்புண்டு. 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் இருட்டோடு எழுந்து பால்மரம் சீவி எடுத்த ரப்பர், நேச நாடுகளுக்கு வராமல் நின்றது. அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மாற்று ரப்பர் தேடிய பொறியாளர் ஜேம்ஸ் ரைட், 1943-இல் சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தார். கேரம் பலகையில் நாம் தூவுகிறோமே, அந்தப் போரிக் பவுடர்தான். கிடைத்தது, எறிந்தால் துள்ளும், வைத்தால் வழியும் ஒரு களிமண். டயருக்கு உதவாமல் கடைசியில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளானது.

டேப்பின் உயிர் அந்தப் போரிக் அமிலத்தில் உள்ள போரானில்தான் இருக்கிறது. சிலிக்கோன் ரப்பரில் அதைச் சிறிதளவு சேர்த்துவிட்டால், இழுத்து அழுத்தியதும் ஒரு சுற்றின் போரான் அடுத்த சுற்றின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். நடுவே தாள் வைத்துச் சுருட்டுவதும் அதனால்தான்; இல்லாவிட்டால் கடையிலேயே உருளை முழுதும் ஒரே கட்டியாகிவிடும். சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இதற்கென்று அமெரிக்க ராணுவம் தனித் தர விதியே எழுதியது. மின்கம்பி இணைப்புகளுக்கு மேலே காப்புறையாகச் சுற்றுவதுதான் இதன் முதன்மையான வேலை. ஒழுகும் பைப்புக்கும், நடுரோட்டில் வெடித்த ரேடியேட்டர் ஹோஸுக்கும் பிறகு வந்தது. கேஸ் ட்யூபுக்கு மட்டும் இதைச் சுற்றவே கூடாது. ட்யூபையே மாற்ற வேண்டும்.

திங்கட்கிழமை பிளம்பர் வந்தார். பிரிக்கப் பார்த்துவிட்டு, முடியாமல் பிளேடால் நீளவாக்கில் கீறினார். டேப் முழுசாகக் கழன்று அவர் கையில் வந்தது. பைப்பின் மேல் ஒட்டிய தடமே இல்லை.