மீனைக் கொல்லும் நோக்கமின்றி

1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் ரொம்பச் சிறியது. ஒரு மூச்சில் படித்துவிடலாம். மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்தோடு நீரில் நஞ்சோ சுண்ணாம்போ கலப்பவருக்கு இரண்டு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்கிறது அதன் ஐந்தாவது பிரிவு. இதில் என்னை உறுத்துவது ‘நஞ்சு’ என்ற சொல் அல்ல, ‘நோக்கம்’ என்ற சொல்.

யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது இது? கலெக்டர்களிடமும் தாசில்தார்களிடமும் கேட்டு வாங்கிய பதில்களைக் கொண்டு பிரான்சிஸ் டே தன் நன்னீர் மீன் அறிக்கையை 1873-இல் வெளியிட்டார். நெருக்கக் கண்ணி வலை, குஞ்சுமீன் அழிப்பு, நஞ்சிடல் என்று பழி பெரும்பாலும் கிராமத்தான் தலையில்தான் விழுந்தது. (அணைக்கட்டுகளையும் டே குறை சொன்னார், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.) கோடைக்குட்டையில் மருக்காரைக் காயை இடித்துப் போட்டு, மயங்கி மிதக்கும் கெண்டையை அள்ளியவன்தான் குற்றவாளியாகக் கட்டமைக்கப்பட்டான். அந்த மீனை அவனே குழம்பு வைத்துத் தின்றான் என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல.

அதே 1897-இல்தான் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டது. அவுரியும் சாயவேரும் ஒதுங்கிக்கொள்ள, ரசாயனச் சாயம் சேலத்து நெசவுக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய சாயங்கள் சிலவற்றின் மூலக்கூறிலேயே செம்போ குரோமியமோ உண்டு. வெள்ளிப் பட்டறையில் கொலுசை அமிலத்தில் கழுவும்போது கரைந்து போவதும் செம்புதான். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் இதையெல்லாம் வாங்கிக்கொண்டு, உத்தமசோழபுரம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்து நன்செய் இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. சாயப்பட்டறைக்காரருக்கு மீன்மேல் என்ன பகை? நூலில் சாயம் பிடிக்கணும், அவ்வளவுதான். நோக்கம் இல்லை, ஆகவே ஐந்தாவது பிரிவில் அவர் வரமாட்டார்.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் ‘நோக்கம்’ போய் ‘தெரிந்தே’ என்ற சொல் வந்தது. 1993-இல் வந்த கழிவுநீர்த் தர விதிகளில் மீன் வேறொரு பாத்திரமாகிவிட்டது: நீர்க்காத கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடிருக்க வேண்டும். முன்பு அரசின் சொத்து, இப்போது அரசின் அளவுகோல். 97-ஆவது மணியில் அதற்கு என்ன ஆகிறது என்பது அளவுகோலின் கவலை இல்லை.

ஆனால் கன உலோகம் அவசரப்படுவதில்லை. செவுளின் மெல்லிய தோல் தடித்து மூச்சு திணறுகிறது. காட்மியம் கால்சியத்தின் வேஷம் போட்டு உள்ளே நுழைகிறது. ஈரலும் சிறுநீரகமும் உலோகத்தைப் பிடித்துவைக்கும் புரதத்தைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கின்றன. செம்பு மோப்பத்தைக் கெடுக்கிறது; எதிரியின் வாசனை தெரியாத மீன் உயிரோடுதான் நீந்துகிறது, சோதனையிலும் பாஸ். அதே விதிகள் ஆற்றில் விடும் கழிவில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை செம்பை அனுமதிக்கின்றன. சால்மன் மீன்களில் நடந்த சோதனைகளில் அதில் நூறில் ஒரு பங்கே மோப்பத்தைக் குலைத்தது. ஆற்றுநீரில் கலந்து நீர்த்துவிடும் என்பது கணக்கு. ஓடும் ஆற்றுக்குச் சரி. கோடையில் திருமணிமுத்தாற்றில் ஓடுவதே பெரும்பாலும் கழிவுதானே, எதில் கலந்து நீர்க்கும்?

“மீன் இருக்குதுங்களே, பின்ன ஆறு செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இருக்கிறது, ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். பிராணவாயு குறைந்த சாக்கடையிலும் பெருகும். அயிரையும் ஆற்றுக் கெண்டையும் போன இடத்தில் அது நிற்பதை ஆற்றின் ஆரோக்கியத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். பொதுவாக மீனின் சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் செவுளிலும்தான் உலோகம் அதிகம் தங்கும். பாதரசம் மட்டும் சதைக்கே போய்விடும். குடலையும் செவுளையும் எறிந்துவிட்டுத் தலையோடு குழம்பு வைக்கிறார்கள் நம் வீடுகளில். சின்ன மீனென்றால் யாரும் அவ்வளவு சுத்தம் பார்ப்பதில்லை; ஆற்றோரத்தில் மலிவாகக் கிடைப்பதும் சின்ன மீன்தான்.